1913 நோட்டர் டேம் பருவமும் ஒரு நாளிதழ்க் காப்பகமும்: குரோனிக்ளிங் அமெரிக்கா சேவை மதிப்புரை

பழைய நாளிதழ்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கத் தரும் சேவைகளுள் குரோனிக்ளிங் அமெரிக்காவுக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் நேஷனல் எண்டோமென்ட் ஃபார் த ஹியுமானிட்டீஸ் என்னும் அரசு அமைப்பும் சேர்ந்து 2007-இல் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தன. இன்று இதில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய தொகுப்பைப் பொதுப்படையாகப் புகழ்வதாலோ குறை சொல்வதாலோ படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதால், குறிப்பிட்ட ஒரு வேலையை அதனிடம் கொடுத்து, அதை எவ்வளவு தூரம் செய்து தருகிறது என்று பார்ப்பதே முறை. நான் கொடுத்த வேலை இது: 1913-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய பருவத்தை, பிற்காலத்தவர் எழுதிய வரலாற்றின் துணையின்றி, அன்றன்றைய செய்தியாகவே தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க வேண்டும்.

இந்தப் பருவத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றில் இதைவிடப் புகழ்பெற்ற பருவங்கள் சிலவே. இதைவிட மிகைப்படுத்தப்பட்டவை அதனினும் சில. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரை ஒட்டியிருந்த அந்தக் கத்தோலிக்கக் கல்விநிலையத்துக்கு அன்று நாடறிந்த பெயர் கிடையாது. 1910-இல் வீரர்களின் தகுதி குறித்து எழுந்த சச்சரவில் மிச்சிகன் அணி ஆட்டத்தை ரத்து செய்துவிட்டது. ‘மேற்கு மாநாடு’ என்னும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த பெரிய பல்கலைக்கழகங்களும் நோட்டர் டேமுடன் ஆட முன்வரவில்லை. அருகில் எதிரணிகள் கிடைக்காத இந்த நெருக்கடியில்தான் புதிய பயிற்சியாளர் ஜெஸ்ஸி ஹார்ப்பர் தொலைதூரக் கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி ஆட்ட அட்டவணையைத் தயாரித்தார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி தன் அட்டவணையில் காலியாக இருந்த ஒரு நாளை அவருக்குத் தந்தது, பயணச் செலவுக்காக 1,000 டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. பென்சில்வேனியா, மிசூரி, டெக்சஸ் என்று அணி அந்த இலையுதிர் காலத்தில் ரயிலில் அலைந்ததற்கு வீரசாகச ஆசை காரணமல்ல. பக்கத்து வீட்டார் கதவை அடைத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம்.

ஆட்ட முடிவுகளை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இந்தச் சேவையில் எதையும் தேடுவதற்குத் தேதி கையில் இருக்க வேண்டும். அக்டோபர் 4 அன்று ஓஹையோ நார்தர்ன் அணியை 87–0, அக்டோபர் 18 அன்று சவுத் டகோட்டாவை 20–7, அக்டோபர் 25 அன்று ஆல்மாவை 62–0 என்ற கணக்கில் நோட்டர் டேம் வென்றது. அதன் பின்னர் வெளியூர்ப் பயணம்: நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்டில் ராணுவ அணியுடன் 35–13, நவம்பர் 7 அன்று பென் ஸ்டேட்டுடன் 14–7, நவம்பர் 22 அன்று செயின்ட் லூயிஸில் கிறிஸ்டியன் பிரதர்ஸ் கல்லூரியுடன் 20–7, நவம்பர் 27 அன்று, நன்றி நவிலும் நாளில், ஆஸ்டினில் டெக்சஸ் அணியுடன் 30–7. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. எடுத்த புள்ளிகள் 268, கொடுத்தவை 41.

இனிச் சேவைக்கு வருவோம். பதிவு செய்ய வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கட்டணம் எதுவுமில்லை. மாநிலம், பத்திரிகை, தேதி ஆகியவற்றைக் கொண்டு தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம். பக்கத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். கணினி அந்தப் பக்கத்திலிருந்து வாசித்தெடுத்த எழுத்து வடிவத்தையும் தனியே பார்க்கலாம். 1913-ஆம் ஆண்டுப் பக்கங்கள் அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டவை என்பதால், எடுத்த பக்கத்தைப் பிறர்க்குக் காட்டவும் மறுபதிப்புச் செய்யவும் தயங்க வேண்டியதில்லை. இந்த ஒன்றிலேயே கட்டணக் காப்பகங்கள் பலவற்றை இது விஞ்சிவிடுகிறது.

பத்திரிகைகளின் தேர்வும் நம் வேலைக்குப் பெரிதும் பொருந்தியிருக்கிறது. உள்ளூர்க் குரலுக்கு சவுத் பெண்ட் நியூஸ்-டைம்ஸ் இருக்கிறது. வெஸ்ட் பாயின்டுக்கு அருகில் உள்ள பெருநகரின் குரலுக்கு நியூயார்க் ட்ரிப்யூன், த சன், ஈவ்னிங் வேர்ல்டு ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒரே ஆட்டத்தைச் சொந்த ஊர் எப்படிப் பார்த்தது, எதிரணியின் பக்கத்து நகரம் எப்படிப் பார்த்தது என்று அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே இந்தச் சேவையின் உண்மையான சுவை. ஊர்ப் பத்திரிகைக்கு இவர்கள் பெயர் தெரிந்த பிள்ளைகள். நியூயார்க் பத்திரிகைகளுக்கு மேற்கிலிருந்து வந்த யாரோ சிலர்.

தேடல் வசதியை நம்புவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பக்கங்களிற் பெரும்பாலானவை மைக்ரோஃபிலிமிலிருந்து எடுக்கப்பட்டவை. மங்கிய அச்சையும் ஒட்டிக்கொண்ட எழுத்துகளையும் எழுத்துணரி மென்பொருள் தவறாக வாசிப்பது இயல்பு. அந்த எழுத்து வடிவம் திருத்தப்படாதது என்பதை நூலகமே ஒளிக்காமல் சொல்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. குறுகிய பத்தியில் இந்த அணி வீரர் ஐக்கன்லாபுடையது போன்ற நீண்ட பெயர் வரியின் முடிவில் இரண்டாக உடைந்துவிடும். மற்றொரு வீரரான டோரேயின் பிரெஞ்சுப் பெயரை அச்சுக்கோப்பவரே மாற்றி அடித்திருந்தால் மென்பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆகவே வீரரின் பெயரைக் கொண்டு தேடுவதைவிட, ஆட்டத்துக்கு மறுநாள் வந்த இதழைத் திறந்து விளையாட்டுப் பக்கம்வரை புரட்டிச் செல்வதே விரைவான வழி. சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஞாயிறு இதழ். ஈவ்னிங் வேர்ல்டு போல ஞாயிறன்று வெளிவராத பத்திரிகை என்றால் சனிக்கிழமை மாலை இதழையும் திங்கள் இதழையும் பார்க்க வேண்டும். பென் ஸ்டேட் ஆட்டம் வெள்ளிக்கிழமையிலும் டெக்சஸ் ஆட்டம் வியாழக்கிழமையிலும் நடந்தவை என்பதை மறந்தால் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இன்னொன்றும் உண்டு. ‘ஃபைட்டிங் ஐரிஷ்’ என்று இன்று உலகம் அறிந்த பெயரை இட்டு 1913-இல் தேடினால் பலன் இராது; பல்கலைக்கழகம் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1927-இல்தான். அன்றைய செய்தியாளர்கள் ‘கத்தோலிக்கர்கள்’, ‘ஹூசியர்கள்’ (இண்டியானாக்காரர்கள்) என்றெல்லாம் எழுதினார்கள். தேடும் சொல்லையும் அந்தக் காலத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தடைகளைக் கடந்து நவம்பர் 2 ஞாயிறு இதழ்களுக்கு வந்து சேர்பவருக்குச் சேவை தன் முழு மதிப்பையும் காட்டுகிறது. அந்த ஆட்டத்தின் கதை பலர் அறிந்ததே. அணித்தலைவரும் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நிற்கும்) ஆட்டக்காரருமான நூட் ராக்னியும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கஸ் டோரேயும் அந்தக் கோடையில் ஈரி ஏரிக்கரையில், ஓஹையோவின் சீடர் பாயின்ட் உல்லாசத்தலத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஃபார்வர்டு பாஸ், அதாவது பந்தை முன்னோக்கிச் சக வீரருக்கு எறிவது, பழகினார்கள். நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்டில் முதற்பாதி முடிகையில் நோட்டர் டேம் 14–13 என்று ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் 21 புள்ளிகளைச் சேர்த்தது, ராணுவ அணிக்கு ஒன்றும் விடவில்லை. டோரே எறிந்த 17 பாஸ்களில் 14 சக வீரர்கள் கையில் சேர்ந்தன, 243 கெஜம் கிடைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. கையில் சேர்ந்தவை 13 என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பருவத்தில் ராணுவ அணி தோற்ற ஆட்டம் இது ஒன்றுதான்.

பழைய நாளிதழைப் படிப்பவர் இந்த 13-க்கும் 14-க்கும் இடையிலான வேறுபாட்டின் வேரைப் புரிந்துகொள்கிறார். கல்லூரிக் கால்பந்தின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்கள் 1937 முதலே தொகுக்கப்பட்டன. 1913-இல் யாரும் பாஸ்களை அலுவல்முறையில் எண்ணி வைக்கவில்லை. சட்டையில் எண் அணியும் வழக்கமும் பரவாத காலம்; களத்தின் ஓரத்தில் நின்ற செய்தியாளர் சேறு படிந்த இருபத்திரண்டு பேரில் பந்தைப் பிடித்தவர் யார் என்று உருவத்தைக் கொண்டே ஊகித்து எழுத வேண்டியிருந்தது. எனவே ஒரு பத்திரிகை ஒருவர் பெயரையும் மற்றொன்று வேறொருவர் பெயரையும் சொன்னால் வியக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டியவர் குறைந்தது மூன்று பத்திரிகைகளை ஒப்பிட வேண்டும். அதைச் செய்ய விடுவதே இந்தச் சேவையின் தகுதி.

செய்திக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் அணிப்பட்டியலைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து. இடது எண்ட், இடது டாக்கிள் என்று இடம்வாரியாக இரு அணிகளின் பெயர்களும் எதிரெதிரே நிற்கும். அதன் கீழ் டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்தவர்கள், அதற்குப் பின் கூடுதல் புள்ளிக்காக உதைத்தவர்கள், மாற்று ஆட்டக்காரர்கள், நடுவர்கள், ஒவ்வொரு கால்பகுதியின் நேரம் ஆகியவை வரும். மேலே உள்ள செய்தி எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டிருந்தாலும் இந்தப் பட்டியல் கணக்குப்பிள்ளையைப் போல நிதானமாக இருக்கும். நோட்டர் டேமின் ஐந்து டச்டவுன்களில் ராக்னி எடுத்தது ஒன்றே. பந்தோடு ஓடும் பின்வரிசை வீரர்களான ஹாஃப்பேக் ஜோ பிலிஸ்காவும் ஃபுல்பேக் ரே ஐக்கன்லாபும் ஆளுக்கு இரண்டு. வான்வழியாகவே வெல்லப்பட்டதாக நாம் கேட்டுப் பழகிய ஆட்டத்தில், பந்தை அணைத்துக்கொண்டு நடுவே மோதி ஓடிய ஐக்கன்லாபின் பங்கு எவ்வளவு பெரியது என்பது இங்கே தெரிகிறது. பாஸுக்கு அஞ்சி ராணுவ அணியின் தற்காப்பு பரந்து நின்றதால் அவருக்கு வழி கிடைத்தது. அவருக்கு அஞ்சி அது குவிந்தபோது பாஸுக்கு வழி கிடைத்தது. புகழ் ஏனோ ஒரு பாதிக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ராக்னி ஆட்டத்தில் நொண்டுவதுபோல் நடித்துத் தற்காப்பாளரை ஏமாற்றிய கதையும் இத்தகையதே. அது அவரே பிற்காலத்தில் சொன்னது. நல்ல கதைசொல்லி அவர். 1918 முதல் 1930 வரை நோட்டர் டேமின் தலைமைப் பயிற்சியாளராக 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை என்ற சாதனையைப் படைத்தவர். 1931 மார்ச் 31 அன்று கேன்சஸில் விமான விபத்தில் இறந்து தேசமே துக்கம் கொண்டாடியவர். 1940-இல் அவரைப் பற்றி வெளிவந்த திரைப்படம் 1913 ஆட்டத்தைப் புராணமாக்கிவிட்டது. புராணம் உருவாவதற்கு முந்தைய ஞாயிறு காலையின் அச்சை இந்தச் சேவை கையில் தருகிறது.

அந்தப் புராணத்தின் பெரும் பிழை, ஃபார்வர்டு பாஸை நோட்டர் டேம் கண்டுபிடித்தது என்பது. இதைச் சரிபார்க்க ஆண்டெல்லையை 1906-க்குப் பின்னோக்கி நகர்த்தினாலே போதும். 1905-இல் களத்தில் நேர்ந்த மரணங்கள் நாட்டை உலுக்கின; அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்; அதன் தொடர்ச்சியாக வந்த விதிமாற்றங்களில்தான் 1906-இல் பாஸ் அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன், பயிற்சியாளர் எடி கோக்கெம்ஸின் கீழ், கரோல் கல்லூரிக்கு எதிராக அதை எறிந்துவிட்டார். 1907-இல் கார்லைல் பழங்குடியினர் பள்ளி அணி அதை வழக்கமான ஆயுதமாகவே பயன்படுத்தியது. ஆயினும் தொடக்கத்தில் பாஸின்மீது விதிகள் சுமத்திய தண்டனைகள் கடுமையானவை. யாரும் தொடாமல் தரையில் விழுந்த பாஸ் பந்தையே எதிரணிக்குக் கொடுத்துவிடும். பின்னர் 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற வரம்பும் வந்தது. 1912-இல் அந்த வரம்பு நீங்கியது, பந்தை முன்னேற்ற நான்காவது வாய்ப்பு (டவுன்) சேர்ந்தது, டச்டவுன் ஆறு புள்ளியானது, களம் 100 கெஜமாகச் சுருங்கி இரு முனைகளிலும், பாஸைப் பிடித்து டச்டவுன் எடுக்கக்கூடிய எண்ட் ஸோன் வந்தது, பந்தும் மெலிந்தது. டோரேக்கும் ராக்னிக்கும் கிடைத்தது அந்த மெலிந்த பந்தும் தளர்ந்த விதியும். அவர்கள் முன்பில்லாத ஒன்றைப் படைக்கவில்லை. கிழக்கின் பத்திரிகையாளர்கள் கூடியிருந்த ஓரிடத்தில், பெயர்பெற்ற ஓர் அணிக்கு எதிராக, அதை மிக நன்றாகச் செய்து காட்டினார்கள். நியூயார்க் பக்கங்களைப் புரட்டுகையில் இந்த ‘ஓரிடம்’ எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

இனி, சேவை தராதவை. நியூயார்க் டைம்ஸ் இதில் இல்லை. அதற்குத் தனிக் காப்பகம் உண்டு, அது சந்தாதாரர்க்கே. எந்த மாநிலத்திலிருந்து எந்தப் பத்திரிகை சேர்க்கப்பட வேண்டும் என்பதை அந்தந்த மாநிலத்தின் பங்கேற்பு நிறுவனங்கள் தேர்கின்றன. ஆகவே ஒரு நகரின் முதன்மைப் பத்திரிகை இல்லாமல் சிறிய பத்திரிகை மட்டும் இருக்கலாம். இந்தப் பருவத்தின் பின்பாதிப் பயணத்தை ஒவ்வோர் ஊரின் கண்ணாலும் ஒரே தரத்தில் படிக்க முடியும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஓஹையோ நார்தர்ன், ஆல்மா போன்ற ஒருதலை ஆட்டங்களுக்கு வெளியூர்ப் பத்திரிகைகள் ஒரு வரி முடிவுக்கு மேல் இடம் ஒதுக்கக் காரணமில்லை. அவற்றுக்கு சவுத் பெண்ட் இதழையே சார்ந்திருக்க வேண்டும்.

மாணவர்களின் குரலும் இங்கே கிடைக்காது. அதற்கு நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஸ்காலஸ்டிக் வார இதழின் பழைய பிரதிகளைத் துணைக்கு வைத்துக்கொள்வது நலம். பத்திரிகையாளர் காணாததை வகுப்புத்தோழர் காண்பார். பக்கச்சார்பும் வெளிப்படையாக இருப்பதால் தள்ளிப் படிப்பது எளிது. படங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவும்: மைக்ரோஃபிலிமில் புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்புத் திட்டுகளாகவே நிற்கின்றன, முகங்களைக் காண வேறு இடம்தான் நாட வேண்டும்.

விளையாட்டு வரலாற்றில் ஆர்வமுள்ளவர், இதழியல் மாணவர், ஒரு செய்தி எப்படிக் கதையாக முற்றுகிறது என்று பார்க்க விரும்புபவர் ஆகியோருக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அமெரிக்கக் கால்பந்தின் விதிகளே தெரியாதவர் மட்டும் முதலில் அவற்றைச் சிறிது அறிந்துகொண்டு வருவது நல்லது. 1913-இன் செய்தியாளர் தம் வாசகருக்கு எதையும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். பெயரை இட்டவுடன் விடை வேண்டும் என்பவருக்கும் இது ஏற்றதன்று. தேதி வரிசையில் பொறுமையாகப் புரட்டுபவருக்கே இது பலன் தரும்.

அப்படிப் புரட்டுபவர் நவம்பர் 27-இன் டெக்சஸ் ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டாம். நோட்டர் டேமின் பருவம் அன்று முடிந்தது, ஆனால் ராணுவ அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருந்தது. நவம்பர் 29 சனிக்கிழமை நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் அது கடற்படைக் கல்லூரியை 22–9 என்று வென்றது. குவார்ட்டர்பேக் வெர்னன் பிரிச்சர்டு எறிய, எண்ட் லூயி மெரிலாட் பிடித்த பாஸ்களுக்கு அந்த வெற்றியில் பெரும்பங்கு உண்டு. நான்கு வாரத்துக்கு முன் தோற்றவர்கள் தோல்வியிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கான விடை நவம்பர் 30 ஞாயிறன்று வந்த நியூயார்க் இதழ்களில் இருக்கிறது.